போய்விட்டது என்று நினைத்த ஹார்ட் டிஸ்க்

விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் பலரும் வைரஸ் தொல்லை, பழைய மெஷின் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படி வந்தவன்தான். 2 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான லினக்ஸ் டெஸ்க்டாப்பைப் போட்டேன், நன்றாக ஓடியது, அந்தக் கதை அவ்வளவுதான். இனி இதை விட்டுப் போகக் கூடாது என்று தோன்றியது வேறொரு சமயத்தில். அதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அக்காவின் கணினி ஒருநாள் காலையில் பூட் ஆகவே இல்லை. உள்ளே டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. “குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அதுலதான்டா இருக்கு, வேற எங்கயும் இல்ல” என்றாள். பார்த்தவர்கள் எல்லோரும் ஃபார்மேட் செய்துவிடலாம் என்றே சொன்னார்கள்.

என்னிடம் உபுண்டு லைவ் பென்டிரைவ் ஒன்று இருந்தது, அதாவது உபுண்டு என்ற லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமலே ஓட்ட உதவும் பென்டிரைவ். அதில் பூட் செய்தால் உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடாமலே முழு சிஸ்டமும் பென்டிரைவையும் ராமையும் வைத்தே ஓடும், அதுவே முதல் நிம்மதி. டிஸ்க் பட்டியலில் தெரிந்தது, 500 ஜிபி. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அந்த நேரத்தில் ஃபைல் மேனேஜரில் டிஸ்க்கைத் திறந்து ஒவ்வொரு ஃபோல்டராகக் காப்பி செய்ய உட்காராதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு ஒவ்வொரு படிப்பும் செலவு. கெட்டுப்போன ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே முட்டி முட்டி, நன்றாக இருக்கும் மீதியும் போய்விடலாம்.

நான் எடுத்தது குனு டிடிரெஸ்க்யூ, கெட்டுப்போகும் டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கும் கருவி. அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதியது. உபுண்டுவிலும் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸிலும் அதை நிறுவும் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, முன்னால் ஒரு ஜி சேரும், ஆனால் கட்டளையில் அந்த ஜி கிடையாது. இது தெரியாமல் அரை மணி நேரம் தேடினேன். அது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களையெல்லாம் பெரிய பெரிய துண்டாக அள்ளிக்கொண்டு, தகராறு செய்யும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். நல்லது எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் திரும்பி வந்து கெட்ட இடங்களின் ஓரத்தைச் செதுக்கும், கடைசியாக செக்டர் செக்டராக, அதாவது டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு துண்டாகச் சுரண்டும். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்வது போலவே இருந்தது.

எது எங்கே படித்தாயிற்று என்பதை மேப் ஃபைல் ஒன்றில் எழுதி வைக்கும். அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், திறந்து பார்க்கலாம். மீட்ட பகுதிக்கு +, கெட்ட செக்டருக்கு -, இன்னும் தொடாததற்கு ?. நிறுத்திவிட்டு மறுநாள் தொடங்கினாலும் விட்ட இடத்திலிருந்து போகும். நான் முதல் இரவு அந்த ஃபைலை லைவ் டெஸ்க்டாப்பிலேயே வைத்துவிட்டேன். கரன்ட் போனது. ராமில் இருந்தது என்பதால் அதுவும் கூடவே போனது, ஐந்து மணி நேரம் படித்ததையெல்லாம் அந்தப் பாவப்பட்ட டிஸ்க் மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. இமேஜ் (டிஸ்க்கின் முழு நகலாக உருவாகும் ஃபைல்), மேப் ஃபைல் இரண்டையுமே வெளி டிஸ்க்கில் வையுங்கள். அப்புறம், கட்டளையில் மூலம் முதலில், போய்ச் சேரும் இடம் அடுத்து. மாற்றிப் போட்டால் காப்பாற்ற வந்ததையே அழித்துவிடுவீர்கள். என்டர் தட்டும் முன் டிஸ்க்கின் அளவைப் பார்த்து ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது இரவு முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரு துண்டைப் படித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அதில் ஒரு எண் ஓடும். அது நிமிடக் கணக்கில் ஏறும்போது வயிற்றைப் பிசையும், திடீரென்று பூஜ்யத்துக்குத் திரும்பினால் எங்கோ இன்னொரு துண்டு கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். விடியும்போது 99.9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இமேஜை ‘படிக்க மட்டும்’ என்று மவுன்ட் செய்து, அதாவது ஒரு டிஸ்க் போலத் திறந்து பார்த்தேன், ஃபோல்டர்கள் பெயரோடு அப்படியே வந்தன. பெயர் எல்லாம் போயிருந்தாலும் ஃபோட்டோரெக் என்று இன்னொன்று இருக்கிறது, ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காமல் படங்களின் தலைப்பு பைட்டுகளை வைத்தே தேடி எடுக்கும். எனக்கு அது தேவைப்படவில்லை.

இதற்கெல்லாம் யாரும் லைசென்ஸ் கீ கேட்கவில்லை. ‘இலவசப் பதிப்பில் இவ்வளவுதான் மீட்க முடியும்’ என்று நடுவில் நிறுத்தவும் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் எழுதிப் பொதுவில் வைத்த கருவி, என் அக்காவுக்கு உதவியது. அன்றிலிருந்து லைவ் பென்டிரைவ் எப்போதும் என் பையில் இருக்கிறது. அக்கா வீட்டில் இப்போது வாரம் ஒருமுறை ஆர்சிங்க் என்ற காப்பி செய்யும் கருவி மூலம் பேக்கப் ஓடுகிறது.

ஒரே ஒரு படத்தின் கீழ்ப்பாதி மட்டும் சாம்பல் நிறப் பட்டையாக வந்திருந்தது, கெட்ட செக்டர் அங்கேதான் விழுந்திருக்கிறது. மேல்பாதியில் குழந்தையின் முகம் முழுசாக இருந்தது. அக்கா அதையும் பிரின்ட் போட்டு வைத்திருக்கிறாள்.