1860 ஆர்மி நகல் ரிவால்வர்: ஆர்பர் (சிலிண்டர் சுழலும் அச்சுத் தண்டு) குட்டை, ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைக்க வழி சொல்லுங்க

வணக்கம். கோல்ட் 1860 ஆர்மியின் இத்தாலிய நகல், .44 காலிபர். சிலிண்டரின் ஒவ்வோர் அறைக்கும் 25 கிரெயின் எஃப்எஃப்எஃப்ஜி (நுண்மணி ரக) கருமருந்து, .454 அங்குல சுத்த ஈய உருண்டை, மேலே கிரீஸ். உருண்டையை அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் சீவி வருகிறது, அதனால் அளவு சரிதான். இரண்டு சிலிண்டர் நிறையச் சுட்டதும், துப்பாக்கியின் சுத்தியலை இழுக்க முடியாத அளவுக்கு இறுகிவிடுகிறது.

உடைந்த கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி) துணுக்கு எதுவும் உள்ளே இல்லை. ஆனால் சிலிண்டரின் முன்முகத்தில், கரிக்கு நடுவே, பளபளவென்று ஒரு தேய்ந்த தடம். அறைகளைக் காலி செய்து, வெட்ஜை (பேரலை ஆர்பரோடு பிணைக்கும் ஆப்பு) தட்டி எடுத்து, பேரலைச் சற்றுத் திருப்பி ஆர்பரில் முழுக்கத் தள்ளினால் பேரலின் அடிக்கட்டை ஃபிரேமைத் தாண்டிப் பின்னால் போகிறது. ஆக, ஆர்பர் நுனி, அது நுழையும் பேரல் குழியின் அடியைத் தொடவே இல்லை. வெட்ஜைக் கட்டைவிரலால் அழுத்தினால் சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடைவெளி 0.006 அங்குலம், சுத்தியால் தட்டினால் 0.001. அதில் கரி படிந்தால் இறுகாமல் என்ன செய்யும்!

குழிக்குள் எஃகு வாஷர் போட்டு, மெல்ல மெல்ல அரத்தால் தேய்த்துப் பொருத்துவதா, ஆர்பர் நுனியில் மரை போட்டுத் திருகு வைப்பதா? பித்தளை வாஷர் போட்டால் நாளடைவில் நசுங்கிவிடும் என்பது என் கணிப்பு. சுட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: கருமருந்துக்கு எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்? 0.004 போதுமா?