536 அடிச்சவர் 401இட்டத் தோத்த வில்வித்தை ஹான்டிகெப் போட்டி: உங்கட பக்கத்திலயும் இப்பிடி நடந்திருக்கா?

மஞ்சள்வட்டம், வெள்ளவத்தை
முடிவை ஒட்டினதும் ஒரே சத்தம். போர்ட்ஸ்மத் சுற்று: 20 யார், 60 செ.மீ. ஃபேஸ் (இலக்குத் தாள்), 60 அம்பு, முழுப்புள்ளி 600. 536 எடுத்தவர் இரண்டாமிடம், 401 எடுத்த புதுப்பிள்ளை முதலிடம். "என்ர 135 புள்ளி எங்க போச்சு?" எண்டு ஸ்கோர் கார்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டார் மனுசன்.

கணக்கில பிழையில்லை. அவற்ற ஹான்டிகெப்புக்கு (ஆளின்ர தரத்தைக் காட்டுற இலக்கம்) அந்தச் சுற்றில அட்டவணை எதிர்பார்க்கிறது 540. எல்லாருக்கும் பொதுவான 1440இல அதைக் கழிச்சா சலுகைப் புள்ளி 900. 536ஐக் கூட்டினா 1436. பிள்ளைக்கு எதிர்பார்ப்பு 380, சலுகை 1060, மொத்தம் 1461. 1440ஐத் தாண்டினா தன்ர தரத்தை விட நல்லா எய்திருக்கிறார் எண்டு அர்த்தம். இதைச் சொல்லி அவருக்கு விளங்கப்படுத்த அங்க ஒருத்தராலயும் ஏலேல்ல.

கோடுதொட்டான்
அண்ணை, கூட்டல் கழித்தல் சரி. அந்தப் பிள்ளையின்ர ஹான்டிகெப்தான் பழசு. முதல் மூன்று சுற்றின் சராசரியில் தொடங்கும், சிறியது நல்லது, இதுவரை எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு எப்பிடி இறங்குது எண்டதைத்தான் ஒருத்தரும் பாக்கிறதில்லை. இப்ப இருக்கிறதையும் புதுச் சுற்றின் ஹான்டிகெப்பையும் கூட்டி இரண்டால் பிரிச்சு, அரை வந்தால் மேல் பக்கம் எடுக்கிறது. 62இல இருக்கிற பிள்ளை ஒவ்வொரு முறையும் 54 தரத்தில எய்தாலும் 58, 56, 55 எண்டுதான் இறங்கும். அடுத்த முறை 54.5 வரும், திரும்பவும் 55. அங்கயே நிக்கும். வேகமா முன்னேறுற ஆளைக் கணக்கு எப்பவும் பின்னால இருந்துதான் துரத்தும். சீசன் நடுவில ஹான்டிகெப் ஏறாது. சீசன் முடிவில்தான் நல்ல மூன்று சுற்றை வைச்சுப் புதுசாப் போடுறது.

முதல் சீசன்காரருக்குத் தனிப் பதக்கம் வையுங்கோ, சத்தம் பாதி குறையும்.

லென்ஸ்கார அக்கா
நான் இன்னும் யோசிக்கிறது வேற ஒண்டை. 18 மீட்டர் இன்டோர், 40 செ.மீ. ஃபேஸ், அம்பு 9க்கும் 10க்கும் நடுவில. ஷாஃப்டுக்கும் (அம்பின்ர தண்டு) கோட்டுக்கும் இடையில மஞ்சள் தெரியுதா இல்லையா எண்டு நாலு தலை குனிஞ்சிருக்க, ஒரு தம்பி விரலால பேப்பரை அமத்திப் பாத்தார். அதோட எல்லாம் போச்சு. புள்ளி எழுதி முடியும்வரை அம்பு, ஃபேஸ், பட் (ஃபேஸ் ஒட்டுற பின்தட்டு) எதையும் தொடக் கூடாது. ஷாஃப்ட் கோட்டைத் தொட்டால் கூடின புள்ளி. அந்த இடத்தில பேப்பர் கிழிஞ்சிருந்தால் கோடு எங்க ஓடியிருக்கும் எண்டு கற்பனை பண்ணித்தான் தீர்ப்பு. ஜட்ஜ் சொன்னால் முடிஞ்சுது.

இன்டோருக்குத் தடிச்ச அம்பு ஏன் வாங்குகினம் எண்டு கேக்கிற ஆக்களுக்கு: உலக வில்வித்தைச் சம்மேளன விதியில் ஷாஃப்ட் 9.3 மி.மீ. வரை போகலாம். 5.5 மி.மீ. அம்போட பாத்தால் ஒரு பக்கத்துக்கு 1.9 மி.மீ. கூட எட்டும். ரிகர்வின் (நுனி வளைஞ்ச வில்) 10 வட்டத்துக்கு ஆரமே 20 மி.மீ.தான்.

காற்றுத்துணி
கோடுதொட்டான், தனிப் பதக்கம் தீர்வில்லை. அரைவாசி இடங்களில ஹான்டிகெப்பைக் கொல்ஃப் மாதிரிப் புள்ளியில நேராக் கழிக்கினம். சண்டை அங்கதான் தொடங்குது. ஹான்டிகெப் புள்ளி இல்லை, அம்புகள் எவ்வளவு பரவுது எண்ட அளவு. ஒரு படிக்கு ஏறக்குறைய 3.5 வீதம், 20 படி ஏறினால் பரவல் இரட்டிப்பு. 70 மீட்டரில் 122 செ.மீ. ஃபேஸில் ஒரு வளையம் 6.1 செ.மீ. அகலம், 18 மீட்டரில் 40 செ.மீ. ஃபேஸில் 2 செ.மீ. தூரத்தோட சேர்த்துப் பாத்தால் 18 மீட்டர் வளையம்தான் அகலம். இரண்டு ஸ்கோரையும் பக்கத்தில வைச்சு ஒப்பிட்டால் எப்பிடிச் சரிவரும்? இன்டோருக்கும் அவுட்டோருக்கும் தனி ஹான்டிகெப், ரிகர்வுக்கும் கம்பவுண்டுக்கும் (கப்பி வைச்ச வில்) தனி. இன்டோர் இலக்கத்தை அவுட்டோர் ஸ்கோர் கார்டில எழுதாதேங்கோ.

ஆறுபுள்ளி
ஹான்டிகெப் இல்லாமலே கூட எடுத்தவர் தோக்கலாமே. ரிகர்வ் செட் முறை (செட்டுக்கு 3 அம்பு, செட்டை வெண்டால் 2 புள்ளி, முதல்ல 6 எடுத்தவருக்கு வெற்றி): 30-25, 27-28, 30-26, 26-27, 27-28. மொத்தம் 140க்கு 134. ஆனால் 140 எடுத்தவர் 4-6 தோல்வி! கடைசி அம்பு வெள்ளைக்குப் போனாலும் அந்த ஒரு செட்தான் போகும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தனிநபர் போட்டி இப்பிடித்தான் நடந்தது. கம்பவுண்டில இந்தப் பேச்சில்லை, 15 அம்பு, 150க்கு மொத்தக் கூட்டல்.

ஸ்கோர்ஷீட்
ஒருத்தரும் கேக்கேல்ல, எண்டாலும் சொல்லுறன். அவுட்டோரில ஒரு அம்பு பட்டுத் தெறிச்சுப் புல்லில கிடந்தது. ஃபேஸில குறிபோடாத ஓட்டை இரண்டு, ஒண்டு 10, மற்றது 7. குறைஞ்சதுதான் கிடைக்கும், 7. முந்தின எண்டில (end, ஒரு தடவைக்கு எய்யிற அம்புத் தொகுதி) யாரோ குறி போடாமல் அம்பை இழுத்ததால வந்த வினை. அம்பு இழுக்க முந்தி ஷாஃப்ட் நுழைஞ்ச இடத்தில பேனையால இரண்டு சின்னக் கோடு, ஒவ்வொரு ஓட்டைக்கும். கொழும்பில தென்மேல் பருவ மழை நேரம் பேப்பர் ஊறிக் கிழிஞ்சு, குறியும் கரைஞ்சு போகும். மை பரவாத பேனை எடுங்கோ, நடுப்பகுதி சல்லடையாப் போனால் ஃபேஸையே மாத்துங்கோ.

ஸ்கோர் கார்டில பெரிய புள்ளி முதல்: 10, 9, 7. X (10இன் உள்வட்டம்) தனிய எண்ணுங்கோ, சமன் வந்தால் அதுவும் தேவைப்படும். எழுதினது பிழை எண்டு கண்டால் அம்பு இழுக்க முந்தியே திருத்தி, அந்த டார்கெட்டில நிக்கிற எல்லாரும் கையெழுத்து வைக்க வேணும். ஒரு அம்பு கூட எய்துபோட்டால் 3 அம்பு எண்டில குறைஞ்ச மூன்றுதான் எழுதுறது. மற்ற அம்பின்ர நொக்கில (நாணில கொழுவுற பின்நுனி) குத்தி நிண்டால், குத்துப்பட்ட அம்புக்கு என்ன புள்ளியோ அதுதான் இதுக்கும்.

மஞ்சள்வட்டம், அந்த 536 காரருக்கு ஒண்டு சொல்லுங்கோ: 540க்கு 536 எண்டால் 60 அம்பில 4 புள்ளிதான் குறைவு, ஹான்டிகெப்பும் ஏறாது.

மஞ்சள்வட்டம், வெள்ளவத்தை
அதைச் சொன்னனான். "அப்ப ஏன் 1436?" எண்டு திரும்பவும் ஸ்கோர் கார்டைத் தூக்கினார்.