மறுமொழி: 'நொதி முடக்கம்' என்பதற்கு மாற்றுச் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நொதியை ஒரு திடப்பொருளில் (தாங்கியில்) பிடித்துவைக்கும் என்சைம் இம்மொபிலைசேஷனுக்கு 'நொதி முடக்கம்' என்று முன்மொழிந்த மடலைப் படித்தேன். நொதி நகராமல் செய்கிறோம், அந்த அளவில் சரி. ஆனால் கை முடங்கியது, தொழில் முடங்கியது என்றுதான் பேசுகிறோம். முடக்கம் என்றாலே வேலை நின்றுபோனதாகப் படும். 1916-இல் நெல்சன், கிரிஃபின் என்ற ஆய்வாளர்கள் இன்வர்ட்டேஸ் நொதியைக் கரித்தூளில் படியவைத்தபோது, அது கரியில் ஒட்டியபடியே சர்க்கரையைப் பிளந்தது. நகராது, வினையும் நிற்காது. இரண்டையும் சொல் காட்ட வேண்டும்.

'நிலைப்படுத்தல்' ஏற்கெனவே ஸ்டெபிலைசேஷனுக்கு, அதாவது நொதி சிதையாமல் காப்பதற்குப் புழங்குகிறது. தாங்கியில் ஏற்றிய நொதி பல நேரம் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும் என்பதால், ஒரே பத்தியில் இரண்டும் வந்து மோதும்.

என் பரிந்துரை 'இருத்துகை'. 'மனத்தில் இருத்து' என்கிறோமே, அந்த வினைதான். 'இருத்தல்' என்றால் வேறு பொருளாகிவிடும், அதனால் 'கை' விகுதி. இருத்திய நொதி, இருத்தும் தாங்கி என்றும் தடையில்லாமல் வரும்.

காந்த நானோதுகள் பற்றிய விளக்கத்தில் இந்தச் சொல்லைப் பொருத்திப் பார்த்தேன். மாற்றியமைத்த நொதியின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறைச் சேர்த்து இ.கோலி பாக்டீரியாவில் உருவாக்குகிறார்கள். செல்களை உடைத்த கலவையில், நிக்கல் அயனி பூட்டிய மேக்னடைட் (காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்சைடு) துகள்களைப் போட்டால், அந்த ஹிஸ்டிடின் வால் நிக்கலைப் பற்றிக்கொள்கிறது. குழாய்க்கு வெளியே காந்தத்தை வைத்ததும் துகள்கள் ஓரமாக ஒதுங்கும். மற்ற புரதங்களைக் கழுவிவிடலாம். சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட்டில், காந்தத்தை எடுத்தபின் காந்தத்தன்மை மிஞ்சாது. அதனால் துகள்கள் காந்தத்தால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிராமல் மறுபடி கரைசலில் பரவும்.

இங்கேதான் சொல்லுக்கு உண்மையான சோதனை. நிக்கலைப் பற்ற ஹிஸ்டிடினோடு போட்டியிடும் இமிடசோலை ஊற்றி நொதியைக் கழற்றினால் அது தூய்மையாக்கல். கழற்றாமல் துகளோடு வினைக்கலத்தில் விட்டால் அது இருத்துகை. வினை முடிந்ததும் காந்தத்தால் இழுத்து மறுபடி பயன்படுத்தலாம். 'தூய்மையாக்கி இருத்துதல்' என்று ஒரே தொடரில் சொல்ல முடிகிறது. 'தூய்மையாக்கி முடக்குதல்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய நொதி அது.

அப்புறம், அந்த ஹிஸ்டிடின் தொடரை 'வால்' என்றே எழுதியிருக்கிறேன். அதைப் புரதத்தின் தொடக்க முனையிலும் சேர்ப்பதுண்டு என்பதால் 'பற்றுமுனை' பொருத்தமாக இருக்குமா? உயிர்வேதியியல் பாடம் நடத்துபவர்கள் சொல்லுங்கள்.