‘கணிப்புப் பிழை’க்கு மாற்றாக ‘எதிர்பார்ப்பு விலகல்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கொண்டு செய்தி கடத்தும் நரம்பணுக்கள் பற்றிய தமிழ்க் கட்டுரைகளுக்காக, ‘reward prediction error’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ஈடாக முன்வைக்கப்பட்டுள்ள ‘வெகுமதிக் கணிப்புப் பிழை’ என்ற தொடரை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மூலத் தொடருக்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆயினும் அந்த நரம்பணுக்களின் வேலையைப் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்ள அது வழிவிடும் என்று அஞ்சுகிறேன்.

நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில், எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது நடுமூளையின் டோபமைன் நரம்பணுக்கள் சட்டென்று விரைந்து துடித்தன, அதாவது மின் சைகைகளை வேகமாக எழுப்பின. ஒரு சைகைக்குப் பின் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்டதும், அந்தத் துடிப்பு சாற்றை விட்டுச் சைகைக்கு இடம் மாறியது. எதிர்பார்த்தபடியே வந்த சாற்றுக்கு அவை தம் வழக்கமான துடிப்பிலிருந்து மாறவில்லை. சைகை வந்தும் சாறு வராதபோது, அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு சற்றே அடங்கியது. 1997இல் ஷுல்ட்ஸ், டயான், மாண்டேகு மூவரும் இதைக் கற்றல் கோட்பாட்டோடு இணைத்து எழுதினர்.

ஆக, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான் இவை தெரிவிக்கின்றன. அந்த வேறுபாடு கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். கூடுதலான வேறுபாட்டை ‘மிகைப் பிழை’ என்று எழுதினால் பெருந்தவறு என்றே பொருள்படும். அதைவிடக் கவலை தருவது வேறொன்று: பார்க்கின்சன் நோயைப் பற்றிய பத்தியில் ‘இந்த நரம்பணுக்கள் கணிப்புப் பிழையை வெளிப்படுத்துகின்றன’ என்று வந்தால், நோயாளியின் குடும்பத்தார் அதை நோய்க்குறி என்றே எண்ணுவார்கள். நலமான மூளை கற்றுக்கொள்ளும் வழியே அதுதான்.

அந்நோயில் நடுமூளையின் ஒரு பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் டோபமைன் நரம்பணுக்கள் மடிவதால், அவை சென்றடையும் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதியில் டோபமைன் குன்றுகிறது. 1960இல் ஹார்னிகீவிச் இதைக் காட்டிய பிறகே மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்துச் சிகிச்சைக்கு வழி பிறந்தது. 2004இல் மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நம் விவாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. மருந்து எடுக்காத நிலையில் நோயாளிகள் பாதகமான விளைவுகளிலிருந்தும், மருந்து எடுத்த நிலையில் சாதகமான விளைவுகளிலிருந்தும் நன்றாகக் கற்றனர். இதை விளக்க, கூடுதல், குறைவு இரண்டையும் தாங்கும் சொல் நமக்கு வேண்டும்.

எனவே ‘எதிர்பார்ப்பு விலகல்’ என்பதை முன்மொழிகிறேன். புள்ளியியலில் ‘விலகல்’ பழகிய சொல். ‘மிகை விலகல்’, ‘குறை விலகல்’ என்று தடையின்றிப் பிரிக்கவும் வரும். அடிமைப்பழக்கம் பற்றிய பத்தியில் இதைப் பொருத்திப் பார்த்தேன்: ‘கோகெய்ன், டோபமைன் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், எதிர்பார்த்த பயன் கிடைத்த பின்பும் மிகை விலகல் தணியாமல் நீடிக்கிறது என்பது ஒரு விளக்கம்.’ வாக்கியம் தடுமாறாமல் நிற்கிறது.

முழுத் தொடர் தேவைப்படும் இடத்தில் ‘வெகுமதி’யை முன்னே சேர்க்கலாம். ‘வெகுமதி’க்கு மாற்றாகப் ‘பேறு’ அழகிய சொல்தான். ஆனால் மருத்துவத் தமிழில் அது மகப்பேற்றோடு ஒட்டிவிட்டது.

இதனுடன் சேர்த்து, இந்த நரம்பணுக்களின் இடைவிடாத மெல்லிய துடிப்பை ‘அடித்துடிப்பு’ என்றும், திடீரென அடுத்தடுத்து எழுவதைக் ‘கொத்துத் துடிப்பு’ என்றும் வழங்கலாமா? அடித்துடிப்பு நொடிக்குச் சில முறையே நிகழ்வதால், குறை விலகலைக் காட்ட அது இறங்கக்கூடிய அளவு சிறிது. மிகை விலகலுக்கோ ஏற இடம் நிறைய உண்டு. இரண்டு துடிப்புகளுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாமல் இதை எழுதுவது கடினம். உடலியங்கியல் கற்பிப்பவர்கள் ‘அடித்துடிப்பு’ இதயத் துடிப்போடு குழம்புமா என்பதைச் சொன்னால் நன்று.