மறு: ராயல் போர்ட்ரெய்ட் – ‘மன்னுரு’ சரிவருமா?

> எகிப்தியக் கலை பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘ராயல் போர்ட்ரெய்ட்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போதைக்கு ‘அரச முகச்சிலை’ என்று போட்டிருக்கிறேன். சரியா ஐயா?

அன்புத் தம்பி,

‘முகச்சிலை’ வேண்டாம். கெய்ரோவில் இருக்கும் காஃப்ரே மன்னனின் சிலையை நினைத்துப் பாருங்கள். 168 செ.மீ. உயரம். அரியணை, தொடைமேல் வைத்த கைகள், பிடரியைச் சிறகால் அணைத்த ஹோரஸ் என்னும் வல்லூறுத் தெய்வம் எல்லாம் சேர்ந்தால்தான் அவன் மன்னன். முகத்தை மட்டும் பெயரில் வைத்தால் பாதி போய்விடும்.

குழுவில் முன்பே வந்த ‘சாயற்சிலை’யும் எனக்கு ஒப்பவில்லை. சாயல் என்றதும் ஆளைப் பார்த்து வடித்தது என்றாகிவிடுகிறது. மூன்றாம் செனுஸ்ரெத் மன்னனை எடுங்கள், கி.மு. 19ஆம் நூற்றாண்டு. தெய்ர் எல்-பஹ்ரியில் கிடைத்த அவன் கருங்கல் சிலைகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. கனத்த இமை, வற்றிய கன்னம், இறங்கிய வாயோரம். பல நாள் தூக்கம் கெட்ட முகம். கழுத்துக்குக் கீழே இருப்பதோ இருபது வயதுப் பயில்வானின் உடம்பு. காது அளவு மீறிப் பெரிது. குடிகளின் குறை கேட்கும் காது என்று சிலர் பொருள் சொல்கிறார்கள். ‘உங்களுக்காக விழித்திருக்கிறேன்’ என்று சொல்ல வடித்த முகமாகத்தான் எனக்குப் படுகிறது. அக்காலத்து அதிகாரிகளின் சிலைகளிலும் இதே சுருக்கம் விழுந்த முகம் வருகிறது. ஊரே சேர்ந்து கிழடாகிவிட்டதா என்ன?

இன்னார் சிலை என்று முடிவு செய்வது அதில் பொறித்த பெயர். தானிஸில் கிடைத்த மூன்றாம் அமெனெம்ஹத்தின் பிடரிமயிர் ஸ்ஃபிங்ஸ்களில் (மன்னன் முகமும் சிங்க உடலும் கொண்டவை) பின்வந்த மன்னர்களான இரண்டாம் ராம்சேஸ், மெர்னெப்தா, முதலாம் சூசென்னஸ் என்று பெயர் மேல் பெயர் ஏறியிருக்கிறது. கல்லும் முகமும் அப்படியே. ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்.

‘சிலை’க்கும் வேர்ப்பொருள் கல். ஹியராகான்போலிஸில் கிடைத்த முதலாம் பெபி மன்னன் செம்பாலானவன். அவனை எங்கே வைப்பது? எகிப்தியர் சொல் ‘துட்’, அதாவது உரு. துட்டன்காமன் என்ற பெயரிலேயே அது இருக்கிறது: ஆமுன் என்னும் கடவுளின் உயிருள்ள உரு.

ஆகவே என் முன்மொழிவு: மன்னுரு. மன் + உரு என்றால், தனிக்குறில் முன் ஒற்று இரட்டி, மன்னனின் உரு. மன்னு + உரு என்று பிரித்தாலும் அதே வடிவம். நிலைத்திருக்கும் உரு, வினைத்தொகை. காஃப்ரேக்காக நூபியப் பாலைவனம் வரை போய்க் கடும்பாறை கொண்டுவந்தவர்களுக்கு இந்த இரண்டாம் பொருள்தான் முதற்பொருள். செத்த பின் ‘கா’ என்னும் உயிராற்றல் வந்து தங்க அழியாத உடம்பு வேண்டும். சக்காராவில் ஜோசர் மன்னனின் சுண்ணக்கல் உருவை ஒரு சிற்றறையில் வைத்து அடைத்து, கண்ணுக்கு நேரே இரண்டு துளை மட்டும் விட்டார்கள், அது வெளியே பார்க்கட்டும் என்று. சிற்பிக்கு அவர்கள் வழங்கிய பெயர்களில் ஒன்று ‘உயிர்ப்பிப்பவன்’. (நம் ஸ்தபதி கண் திறப்பார், அங்கே சடங்காக வாய் திறந்தார்கள்.)

-----

> என் முன்மொழிவு: மன்னுரு.

ஐயா, புணர்ச்சி அழகு. ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராசராசனுக்கும் ஒலோகமாதேவிக்கும் செப்புப் ‘பிரதிமம்’ எடுத்த செய்தி இருக்கிறதே. ஆயிரம் ஆண்டுப் பழஞ்சொல் இருக்கப் புதிது எதற்கு?

அடுத்தது, பெர்லினில் இருக்கும் நெஃபெர்டிட்டியின் தலைச்சிலை. 1912இல் அமர்னாவில், துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையில் கிடைத்தது. அதில் பெயரே இல்லை; நீல நெடுமுடியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். பெயர்தான் ஆள் என்றீர்களே? தவிர அவள் அரசி. ‘மன்’ பொருந்துமா?

-----

அம்மா, பிரதிமத்தை நானும் யோசித்தேன். அங்கே நாயன்மார் உருவங்களுக்கும் அதே சொல்தான். பொதுச்சொல்லாக இருக்கட்டும், மன்னனுக்கென்று தனிச்சொல்தானே தேடுகிறோம்.

நெஃபெர்டிட்டியில் என்னை மடக்கிவிட்டீர்கள். ஆனால் அது பட்டறையில் இருந்த தலை; சுண்ணக்கல் மேல் சாந்து பூசியது, ஒரு கண்ணில் பதிகல்லும் இல்லை. மற்றச் சிற்பிகள் பார்த்துச் செய்ய வைத்த மாதிரி என்பதே பலர் கருத்து. ‘கா’ தங்கும் உடம்பு அல்லாததால் அதை ‘மாதிரித்தலை’ என்போம். அதே பட்டறையில் கிடைத்த சாந்து முகங்களில் ஆளுக்கு ஆள் தனி அடையாளம் தெரிகிறது. அவற்றுக்கு நான் தள்ளிய ‘சாயல்’ பொருந்தும். ‘சாயல்முகம்’ என்று எழுதினால் மறுக்க மாட்டேன்.

அரசி என்றால், மன்னனாகவே ஆண்ட ஹட்செப்சுட் சிலையில் ஒட்டுத்தாடியோடு மண்டியிட்டிருக்கிறாள். அவள் ‘மன்’னுக்குக் கோபிக்க மாட்டாள். பாஸ்டனில் மென்கௌரேயை அணைத்து நிற்கும் அரசிக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. இப்போதைக்கு ‘மன்னுரு, அரசியுடன்’.

தம்பி, மன்னன் பெயரைச் சுற்றி வரையும் நீள்வளையத்தை நீங்கள் ‘கார்ட்டூஷ்’ என்று விட்டிருப்பதை ‘பெயர்வளையம்’ ஆக்கிவிடுங்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் தோட்டா என்று பொருள். பிரெஞ்சுக்காரருக்கு அது தோட்டா போலத் தெரிந்ததற்காக நாமும் தோட்டாவைச் சுமக்க வேண்டியதில்லை.