தை மாசம் டெல்டாவில் வயல்வீட்டுச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

மேலவீதி வாத்தியார் (தஞ்சாவூர்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். போன மார்ச்சில் மகள் வீட்டுக்கு அடிலெய்டு போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களைப் பரோசா பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனார். காரில் ஒரு மணி நேரம். 1840களில் ஜெர்மன் பேசும் குடியானவர்கள் வந்து குடியேறிய பகுதி அது. அந்தக் காலத்தில் நட்ட திராட்சைக் கொடிகளில் சில இன்னமும் காய்க்கின்றன. நாங்கள் போனபோது பழம் பறிக்கிற நேரம்.

ஒயின் தோட்டத்துக்குள்ளேயே ஒரு சாப்பாட்டுக் கடை. நான் குடிப்பவன் இல்லை, அதனால் சாப்பாட்டைத்தான் கவனித்தேன். கையில் ஒரே ஒரு தாள் கொடுத்தார்கள். மேலே அன்றைய தேதி. கீழே ஏழெட்டுப் பதார்த்தம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று ஒரு வரி. தக்காளியும் பூசணியும் கடைக்குப் பின்னால் கொல்லையிலேயே கிடந்தன. "ஜூன் மாதம் வந்தால் இதெல்லாம் கிடைக்குமா" என்று மாப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொன்னேன். பரிமாறிய பெண், "கிடைக்காது, அப்போது வேறு இருக்கும்" என்றாள். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. என் பாட்டியும் இப்படித்தான் சொல்வாள்.

வருகிற தை மாசம் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஒரு மத்தியானமாவது அவர்களை இந்த மண்ணில் உட்காரவைத்து, இந்த மண்ணில் விளைந்ததைப் போட வேண்டும் என்று ஆசை. போன மாசம் பைபாஸ் பக்கம் பண்ணை உணவகம் என்று போர்டு வைத்த ஓர் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கீற்றுக் கொட்டகை, வாசலில் ஒரு மாட்டுவண்டி. இலையில் விழுந்தது காலிஃபிளவர் வறுவலும் பனீரும். காய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், காலையில் மார்க்கெட்டிலிருந்து ஆட்டோவில் வருகிறது என்றார் பரிமாறிய பையன். பொய் சொல்லாமல் சொன்னான், அதற்கு நன்றி. ஆனால் நான் தேடுவது அது இல்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மொத்தம் 7 பேர். மீன் சாப்பிடுவார்கள், கட்டாயம் இல்லை.

*

குடந்தைக்காரன் எழுதியது:

ஐயா, கும்பகோணம் சுற்று வட்டாரத்தில் ஓட்டு வீட்டு ரிசார்ட்டுகள் இருக்கின்றன. இலைச் சாப்பாடு நன்றாகவே போடுவார்கள், இடமும் சுத்தம். ஆனால் வருஷம் 365 நாளும் அதே சாப்பாடுதான். நீங்கள் சொல்கிற தேதி போட்ட தாள் அங்கே கிடையாது. திருவையாறு பக்கம் ஓர் அம்மா வீட்டிலேயே சமைத்துப் போடுகிறார், இங்கேயும் எழுதுவார். அவர் பார்த்தால் பதில் சொல்வார்.

*

குடமுருட்டிக் கரை எழுதியது:

குடந்தைத் தம்பி சொன்னது என்னைத்தான். ஐயா, நாங்கள் குடமுருட்டி ஆற்றங்கரையில் பத்து மா (மூன்று ஏக்கர் சொச்சம்) நிலமும், வீட்டை ஒட்டி ஒரு கொல்லையும் வைத்திருக்கிறோம். மூன்று வருஷமாகச் சனி, ஞாயிறு மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிறேன். 12 பேருக்கு மேல் எடுப்பதில்லை. கடை இல்லை, போர்டு இல்லை. எங்கள் வீட்டுத் தாழ்வாரம்தான்.

நீங்கள் எங்கே போனாலும் சரி, முதலில் சோறு என்ன சோறு என்று கேளுங்கள். காயைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அரிசியை யாரும் கேட்பதில்லை. டெல்டாவுக்கு வந்துவிட்டு மூட்டையில் வந்த அரிசியைச் சாப்பிட்டுப் போனால் வந்ததற்கு அர்த்தமே இல்லை என்பது என் எண்ணம்.

தை மாசம் என்றால் சம்பா அறுப்பு. வருகிறவர்கள் அன்று அறுத்த நெல்லையே சமைத்துக் கொடுங்கள் என்று ஆசையாகக் கேட்பார்கள். நான் மாட்டேன் என்பேன். புது அரிசி சீக்கிரம் குழையும், ஒட்டும். பொங்கலுக்கு அதுதான் வேண்டும், குழைந்தால்தான் பொங்கல். குழம்பு ஊற்றிச் சாப்பிட அது ஆகாது. போன தையில் அறுத்த தூயமல்லியைப் பத்தாயத்தில் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டும்போது எடுத்து அவித்து, காயவைத்து, அரைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் பழசான அரிசி தண்ணீரை நிறையக் கேட்கும், உதிரி உதிரியாக மலரும், சோறும் கூடக் காணும். குக்கரில் வைப்பதில்லை, உலை வைத்து வடிப்பதுதான். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு, வந்தவர்களுக்கு முதலில் ஒரு டம்ளர் கொடுப்பேன். இலை போடுவதற்கு முன்னால் அந்த அரிசியின் வாசனை தெரிந்துவிடும். புது அரிசியையும் காட்டாமல் விடமாட்டேன். அது சர்க்கரைப் பொங்கலாக இலையில் ஓர் ஓரத்தில் வரும். இரண்டையும் ஒரே இலையில் பார்த்தால் வித்தியாசம் அவர்களுக்கே புரியும்.

காய் என்று பார்த்தால் தை நல்ல மாசம். ஆடியில் ஊன்றிய அவரை அப்போதுதான் பந்தல் கொள்ளாமல் காய்க்கும். பனி ஈரத்தோடு காலையில் பறித்த அவரைக்கு நார் உரிக்கும்போதே ஒரு பச்சை வாசம் வரும். மத்தியானம் பறித்தால் அது இருக்காது. மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, பரங்கிக்காய் பால்கூட்டு, பொங்கலுக்கு வெட்டிய சர்க்கரைவள்ளி மிச்சமிருந்தால் அது. வரப்பில் ஆரைக்கீரை இருந்தால் பருப்புப் போட்டு மசித்துவிடுவேன். நாலு இலை சேர்ந்தாற்போல் இருக்கும், ஈர வயலில் தானாக முளைப்பது. மருந்தடிக்கிற வயலில் அது நிற்காது, எங்கள் வயலில் நிற்கிறது. அதை நான் பெருமையாகவே சொல்வேன்.

அப்புறம் வாழைத்தண்டு. பூவன் தார் வெட்டிய மரத்தை அன்றைக்கே சாய்த்து, பட்டை பட்டையாக உரித்துக்கொண்டே போனால் நடுவில் வெள்ளையாகத் தண்டு வரும். வட்டமாக நறுக்கும்போது ஒவ்வொரு வட்டத்துக்கும் நூல் இழையும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு, வட்டத்தை மோர்த் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். போன வருஷம் சென்னையிலிருந்து வந்த ஒரு பத்து வயசுப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நூல் சுற்றினாள். விரலில் பஞ்சு மாதிரி சேர்ந்ததை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அன்றைக்கு அவள் பச்சடியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

எல்லாமே என் நிலத்தில் விளைந்தது என்று சொல்லமாட்டேன். துவரை இங்கே கிடையாது. அதனால் சாம்பார் வைப்பதில்லை, எங்கள் பயற்றை உடைத்த பாசிப்பருப்பும் நெய்யும்தான். எண்ணெய் எங்கள் எள், செக்கில் ஆட்டியது. உப்பு வேதாரண்யம். சின்ன வெங்காயம் பெரம்பலூர் பக்கத்திலிருந்து வருகிறது. மிளகாயும் புளியும் வெளியிலிருந்துதான். கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கிடைக்காதவையும் தெரிந்துகொள்ளுங்கள். மாங்காய் இருக்காது, வடு மாசிக்கு மேல். வேப்பம்பூ ரசம் கேட்டால் பங்குனியில் வாருங்கள். நுங்கு சித்திரையில். குளத்து விரால், குளம் வற்றுகிற கோடையில்தான் நன்றாகக் கிடைக்கும். தையில் குளம் நிறைந்திருக்கும், வலைக்குச் சிக்காது. மீன் வேண்டுமென்றால் வேறு பக்கம் போக வேண்டும்.

ஆளுக்கு 500 ரூபாய் வாங்குகிறேன். சிலர் கிராமத்துச் சாப்பாட்டுக்கு இவ்வளவா என்கிறார்கள். நாலு மணிக்கு எழுந்து நானும் என் நாத்தனாரும் இன்னொரு பெண்ணும் விறகடுப்பில் நிற்கிறோம், அந்தப் பெண்ணுக்குக் கூலி உண்டு. ஐப்பசியில் ஒரு கூட்டம் 12 பேர் என்று சொல்லிவிட்டு, மழை என்று காலை பத்து மணிக்குப் போன் செய்து வரவில்லை என்றார்கள். அடுப்பில் எல்லாம் வெந்துவிட்டிருந்தது. பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு இலை போட்டேன். அவர்கள் வயிறு நிறைந்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கு வந்த நஷ்டம் என்னுடையது. அதிலிருந்து பாதிப் பணம் முன்னதாக வாங்கிவிடுகிறேன்.

*

கடைமடை எழுதியது:

அக்கா சொன்ன அரிசி விஷயத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். எங்கள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் கடைசியில்தான் எட்டும். நடவு தள்ளும், அறுப்பும் தள்ளும், மாசி பிறந்தும் வயலில் கதிர் நிற்கும். ஐயாவின் விருந்தாளிகள் கதிரோடு வயலைப் பார்க்க வேண்டும் என்றால் தை கடைசியில் இந்தப் பக்கம் வாருங்கள்.

ஆதிரெங்கத்தில் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்த நெல் ஜெயராமன் 2018ல் போய்விட்டார், அவர் கொடுத்த விதை இன்னும் இந்தப் பக்கத்து வயல்களில் இருக்கிறது. நான் காட்டுயானம் போடுகிறேன். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், கடைமடையில் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். அதைச் சோறாகப் போட்டால் பழகாதவர்களுக்குக் கடினம். ஒரு ராத்திரி ஊறவைத்துக் கஞ்சி வைத்துத் தேங்காய்ப் பால் ஊற்றிக் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தேங்காயும் எங்களுடையது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது 40 மரம் ஒரே ராத்திரியில் சாய்ந்தது. இப்போது காய்ப்பது அதற்கப்புறம் வைத்த கன்றுகள்.

மீனுக்கு முத்துப்பேட்டை இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குப் படகில் போய்விட்டு வந்து, கரையில் மடவையோ கொடுவாவோ அன்றைக்குப் பட்டதை வாங்கிக்கொள்ளலாம். எது படும் என்று முதல் நாள் சொல்ல முடியாது.

*

மேலவீதி வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் பதிலை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கஞ்சி டம்ளர் வரும் இடத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா அப்படித்தான் கொடுப்பாராம்.

ஒரு சந்தேகம். அவர்கள் ஊரில் சாப்பாட்டோடு ஒயின் வைத்துப் பேசிக்கொண்டே குடிப்பார்கள். அந்த இடத்தில் நாம் என்ன வைப்பது? பதநீர் கிடைக்குமா?

*

குடமுருட்டிக் கரை எழுதியது:

பதநீரை மாசி, பங்குனியில்தான் நம்பிச் சொல்லலாம், ஐயா. தையில் கிடைத்தால் அதிர்ஷ்டம். நான் நீர்மோர் வைப்பேன், நார்த்தை இலை கிள்ளிப் போட்டு. திராட்சை நம் களிமண்ணுக்குச் சரிப்படாது, அது கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கட்டும். நம்மிடம் இல்லாததை நாம் ஏன் வைக்க வேண்டும்?

*

கொடிக்கால் (ராஜகிரி) எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். கொடி நம்மிடமும் இருக்கிறதே, ஐயா. வெற்றிலைக் கொடி. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பக்கம் அகத்தி நட்டு, அதன்மேல் கொடியை ஏற்றிக் கட்டுவோம். உள்ளே போனால் வெளியில் இருக்கிற வெயில் தெரியாது, குளுகுளு என்று இருக்கும். அகத்திக் கீரை சமையலுக்கு, கொழுந்து வெற்றிலை சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரே கொடியில் கீழ் இலைக்கும் கொழுந்துக்கும் காரம் வேறு. காவிரி வண்டலில் வந்த வெற்றிலையையும் வேறு மண்ணில் வந்ததையும் கண்ணை மூடிக்கொண்டு என் அப்பா சொல்லிவிடுவார். அந்த வெள்ளைக்காரரை ஒரு காலை கொடிக்காலுக்குள் கூட்டிவாருங்கள். ஒயினைப் பற்றி அவர் என்னென்ன பேசுவாரோ அதெல்லாம் இங்கேயும் பேசலாம்.

*

குடமுருட்டிக் கரை எழுதியது:

கொடிக்கால் தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கவுளி கொழுந்து அனுப்புங்கள், பணம் கொடுத்துவிடுகிறேன். அகத்தியும் ஒரு கட்டு.

ஐயா, தை 18 ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோது. ஜனவரி 28ல் மேட்டூரை மூடுவது வழக்கம், அதனால் ஆற்றில் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும், கரையில் நடக்கலாம். எங்கள் சம்பா அறுத்திருப்போம். ஆனால் வயல் வெறுமையாக இருக்காது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, பயிர் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தை விசிறிவிடுவோம். மண்ணில் மிஞ்சின ஈரமும் பனியும்தான் அதற்குத் தண்ணீர். நீங்கள் வருகிற அன்று அறுத்த நெல் தாளுக்கு நடுவில் இரண்டிரண்டு இலையாக நிற்கும். அதைக் காட்டாமல் அனுப்பமாட்டேன், பங்குனியில் நான் சுடுகிற வடை அதுதான்.

வருகிறவர்கள் யாருக்காவது ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் வியாழக்கிழமைக்குள் தனிச்செய்தியில் சொல்லிவிடுங்கள். என்னென்ன சமைப்பேன் என்று மட்டும் இப்போதே கேட்காதீர்கள், அன்று விடியற்காலை கொல்லைக்குள் போன அப்புறம்தான் எனக்கே தெரியும். ஏழு மணிக்கே வந்துவிட்டால் அவரை பறிக்கக் கூட ஆள் ஆச்சு. கூடை நான் வைத்திருக்கிறேன். வரப்பில் சேறு இருக்கும், செருப்பைத் தாழ்வாரத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.