எடை குறைந்த 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி: எக்ஸ்எம்806 ஏன் கரை சேரவில்லை?

இரும்புமணி:
பிரவுனிங் எம்2 துப்பாக்கி மட்டும் 38 கிலோ, முக்காலி 20 கிலோ. 1933-லிருந்து அமெரிக்கப் படை இதைத்தான் சுமக்கிறது. அதற்கு மாற்றாகச் சோதித்த எக்ஸ்எம்806 வெறும் 18 கிலோ. முக்காலியோடு சேர்த்தே 28 கிலோதான். தோட்டாவும் அதே .50 அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஆனாலும் 2012-ல் திட்டத்தை மூடிவிட்டு, பணத்தை எம்2-வின் திருத்திய வடிவமான எம்2ஏ1 பக்கம் திருப்பிவிட்டார்கள். பாதி எடையில் வருவதை ஏன் விட்டார்கள்? டைட்டானியம் போட்டுப் பழைய எம்2-வையே இளைக்க வைத்திருக்கக் கூடாதா?

விசைக்கணக்கு:
துப்பாக்கியை இளைக்க வைக்கலாம், தோட்டாவின் உதையை இளைக்க வைக்க முடியாதே!

கணக்குப் போட்டே பார்ப்போம். சுமார் 43 கிராம் குண்டு நொடிக்கு 890 மீட்டர் வேகத்தில் போகிறது. குண்டின் உந்தம் மட்டும் 38 நியூட்டன்-நொடி. பின்னாலேயே சீறி வரும் வாயுவையும் சேர்த்தால் தோராயமாக 58. இந்த உதையில் 38 கிலோ துப்பாக்கி நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். ஆற்றல் 44 ஜூல். 18 கிலோ துப்பாக்கி 3.2 மீட்டர் வேகத்தில் வரும்; ஆற்றல் 93 ஜூல். எடை பாதியானால் முக்காலி விழுங்க வேண்டிய ஆற்றல் இரு மடங்கு. அந்த முக்காலியும் இப்போது பாதி எடைதான், எனவே துள்ளும். முதல் குண்டு இலக்குக்குப் போனாலும் மூன்றாவது தலைக்கு மேலே போய்விடும்.

எக்ஸ்எம்806-ல் இதற்குச் செய்த வழி, உதையைச் சராசரியாக்குவது. குழலும் பூட்டும் (தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் பாகம்) முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே தோட்டா வெடிக்கும். உதையின் ஒரு பங்கு அந்த ஓட்டத்தை நிறுத்தவே செலவாகிவிடும், மிச்சம்தான் பின்னால் தள்ளும். உச்ச விசை நன்றாகவே குறையும். ஆனால் சராசரி விசை குறையாது. ஒரு தோட்டாவின் உந்தத்தை நொடிக்கு எத்தனை தோட்டா என்பதால் பெருக்கினால் வருவதுதான் அது. எம்2 போல நிமிடத்துக்கு 550 என்றால் சுமார் 530 நியூட்டன், 250 என்றால் 240. நீண்ட ஓட்டத்துக்கு நேரமும் பிடிக்கும். எக்ஸ்எம்806-ன் சுடும் வேகம் நிமிடத்துக்கு 250-ல் நின்றது இதனால்தான். இன்னொரு தலைவலி: தோட்டா வெடிக்காமல் போனால், முன்னோக்கி வந்த மொத்த எடையும் எதிர்விசை இல்லாமல் முன்தாங்கியில் மோதும். அதையும் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும்.

மலைப்பாதை:
வேகக் கணக்கு சரி, ஆனால் 250 குறைவு என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. எம்2-வைத் தரையில் வைத்துச் சுடும்போது தொடர்ச்சியாக நிமிடத்துக்கு 40-க்குள்தான் சுடச் சொல்கிறார்கள். 5 முதல் 7 தோட்டா, 10 முதல் 15 நொடி இடைவெளி. அதை மீறினால் 11 கிலோ குழலே சூடேறித் தேய்ந்துவிடும். மலைமேல் காவல் நிலையில் இருப்பவருக்கு 250 தாராளம். இலக்கு கண்ணில் படும் நேரமே ஓரிரு நொடி என்கிற இடத்தில்தான் அடி விழும்: ஓடும் வண்டி, தாழப் பறக்கும் விமானம். ஒரு நொடியில் ஒன்பது குண்டுக்குப் பதில் நாலுதான் போகும்.

ரஷ்யர்கள் வேகத்தை விட்டுக்கொடுக்காமலே எடையைக் குறைத்தார்கள் என்பதையும் பாருங்கள். டிஎஷ்கா 34 கிலோ, அடுத்து வந்த என்எஸ்வி 25 கிலோ, அதுவும் நிமிடத்துக்கு 700-க்கு மேல். கோர்டு 25.5 கிலோ; அதை இருகாலியில் வைத்து ஒரே ஆள் சுடலாம். வெடிவாயுவாலேயே இயங்கும் வாயு இயக்கம், குழல் முனையில் பெரிய உதைத் தடுப்பான். அதற்கும் விலை உண்டு: தடுப்பான் வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவதால் சத்தமும் புழுதியும் சுடுபவர் மேலேயே வரும், இடமும் எதிரிக்குத் தெரிந்துவிடும். சீனாவின் கியூஜேஇசட்-89 இன்னும் கீழே, 17.5 கிலோ. அதில் வாயு இயக்கத்தோடு பின்வாங்கும் இயக்கத்தையும் கலந்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த வடிவமைப்பு அதுதான்.

இரும்புமணி:
அப்படியென்றால் எம்2ஏ1-ல் எடை குறையவே இல்லையே, அதற்கு ஏன் பணம்?

விசைக்கணக்கு:
எம்2-வின் பெரிய குறை எடை இல்லை நண்பரே, குழல் மாற்றுவதுதான். பழையதில் குழலைத் திருகிப் பொருத்தியபின் ஹெட்ஸ்பேஸையும் (பூட்டு முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் உள்ள இடைவெளி) டைமிங்கையும் (வெடிக்கும் கணம்) அளவுகோல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஹெட்ஸ்பேஸ் அதிகமானால் தோட்டாக் கூட்டின் அடிப்பகுதிக்குப் பிடிமானம் இல்லாமல் கூடு கிழியும், உள்ளே இருப்பது சுடுபவர் முகத்தை நோக்கி வரும். டைமிங் தவறினால் பூட்டு சரியாக விழுவதற்கு முன்பே வெடிக்கும். இருட்டில், கொதிக்கும் குழலோடு இந்த வேலை! எம்2ஏ1-ல் இரண்டும் தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டவை. கைப்பிடி உள்ள குழலைச் சொருகித் திருப்பினால் முடிந்தது. கையிருப்பில் உள்ள பழைய துப்பாக்கிகளையே இப்படி மாற்றலாம். புதிதாக ஒன்றைச் சோதித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மலைப்பாதை:
எடைக் கணக்கில் இன்னொன்றும் விட்டுப்போனது. 100 தோட்டா உள்ள பெட்டி ஒன்று சுமார் 16 கிலோ. துப்பாக்கியில் மிச்சம் பிடித்த 20 கிலோ என்பது ஒன்றேகால் பெட்டி. எக்ஸ்எம்806-ன் உதை-சராசரி முறையை, அதைச் செய்த ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம் பிறகு .338 நார்மா மேக்னம் தோட்டாவுக்குக் கொண்டுபோனது. 2012-ல் காட்டிய அந்தத் துப்பாக்கி 11 கிலோதான், வேகம் 500. தோட்டா சிறிது, உதை குறைவு, பெட்டியும் இலகு. இலேசான கவச வண்டியைத் துளைக்க .50 வேண்டும் என்றால் மட்டும் இது உதவாது.